பறக்காத விமானம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் என்னிடம் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயின்றவன். விமானம் ஓட்டக் கற்று, உரிமம் பெற்று, ஒரு விமானக் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். சில நாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த அவனைப் பற்றித்தான் அந்த அம்மையாருக்குக் கவலை.

“ஐயா, பையன் மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துத் தனியே பேசிக்கொண்டிருக்கிறான். நீங்கள் வந்து என்னவென்று கேளுங்கள்” என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வண்ணத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. விமானியின் அறையில் இருக்கும் கருவிகள், பொத்தான்கள், விளக்குகள் யாவும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. அதன் எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவன் அமர்ந்திருந்தான். மற்றொன்று காலியாக இருந்தது. தாளில் உள்ள ஒரு பொத்தானின்மேல் விரலை வைப்பான். அதன் பெயரைச் சொல்வான். பிறகு காலி நாற்காலியில் இருப்பவர் சொல்லவேண்டிய மறுமொழியையும் தானே சொல்வான். என்னைக் கண்டதும் வெட்கத்துடன் எழுந்து நின்றான்.

“என்ன தம்பி இது?” என்று கேட்டேன்.

“புது விமானத்துக்கு மாறுகிறேன், ஐயா. அடுத்த வாரம் சிமுலேட்டர் வகுப்பு. அதற்குள் கை பழகவேண்டும்” என்றான்.

‘கை பழகவேண்டும்’ என்ற அந்தச் சொல் என் உள்ளத்தில் பதிந்தது. சிமுலேட்டர் என்பதைப் பாவனை விமானம் என்று நாம் தமிழில் சொல்லலாம். அது பறக்காத விமானம். ஆயினும் பறக்கக் கற்பிக்கும் விமானம். அவன் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவும் அதைப் பற்றி நான் அறிந்தவற்றுள் சிலவற்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், அவன் கற்கச் சென்ற விமானம் எத்தகையது என்பதைப் பார்ப்போம். அதன் பெயர் ஏடிஆர் 72. பிரான்சு, இத்தாலி ஆகிய இரு நாட்டு நிறுவனங்கள் கூடி உருவாக்கியது. பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் செய்யப்படுகிறது. 1988-இல் முதன்முதலாகப் பறந்தது. எழுபது பேர் அளவில் அமரக்கூடியது. பெரிய ஜெட் விமானங்கள் இறங்க இயலாத குறுகிய ஓடுபாதைகளிலும் இறங்கவல்லது. ஆதலின் சிறு நகரங்களுக்குச் செல்ல நம் நாட்டிலும் மிகுதியாகப் பயன்படுகிறது. இறக்கைகளின்மேல் இரு பக்கமும் பெரிய விசிறிகள் சுழலும் விமானத்தை உங்களுள் சிலர் பார்த்திருப்பீர்கள். அவ்வகையைச் சேர்ந்ததே இது.

இவ்வகை விமானத்துக்கு டர்போபிராப் என்று பெயர். இதன் எஞ்சின் ஜெட் விமானத்தின் எஞ்சினுக்கு உறவு உடையதே. காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, எரிபொருளோடு சேர்த்து எரித்து, அதனால் எழும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரம் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுற்றும். அந்த வேகத்தைப் பற்சக்கரங்களால் குறைத்து, முன்னால் உள்ள புரொப்பெல்லர் என்னும் விசிறியைச் சுழலச் செய்கிறார்கள். ஏடிஆர் விமானத்தில் இவ்விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று வரை சுழலும். பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் டர்போபிராப் விமானங்களில் முதலாவது இங்கிலாந்து நாட்டின் விக்கர்ஸ் வைக்கவுண்ட். அது முதலில் பறந்தது 1948-இல். நம் இந்தியன் ஏர்லைன்சு நிறுவனமும் 1957 முதல் அதனைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது.

இனி, இவ்விமானத்தை ஓட்டுவோர் அவசியம் கற்கவேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு எஞ்சின்களுள் ஒன்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? விமானம் உடனே விழுந்துவிடாது. மற்றோர் எஞ்சினைக் கொண்டு பறந்து, மேலெழுந்து, திரும்பி வந்து இறங்க இயலும். அவ்வாறே அதனைச் செய்திருக்கிறார்கள். ஆனால் இடையூறு ஒன்று உண்டு. நின்றுபோன எஞ்சினின் விசிறி, காற்றாலையைப் போல எதிர்க்காற்றால் சுழன்று, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். படகோட்டி துடுப்பை நீரில் அகலவாட்டத்தில் பிடித்தால் படகு தடைப்படும்; விளிம்புவாட்டத்தில் திருப்பினால் நீர் வழுக்கிச் செல்லும். அதுபோல விசிறியின் இதழ்களையும் காற்றுக்கு விளிம்பு காட்டுமாறு திருப்பிவிட வேண்டும். இதனை விமானிகள் ‘பெதர்’ செய்தல் என்பர். இறகு என்பது அச்சொல்லின் பொருள். ஏடிஆர் விமானம் மேலெழும்பும்போது எஞ்சின் ஒன்று நின்றால், இக்காரியத்தை விமானமே தானாகச் செய்துவிடும். மற்றோர் எஞ்சினின் வலிமையையும் தானே கூட்டிவிடும்.

அப்படியானால் விமானிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் மட்டும் தள்ளும்போது, விமானத்தின் மூக்கு நின்ற எஞ்சினின் பக்கமாகத் திரும்பும். அதைக் காலால் மிதித்து நேராக நிறுத்தவேண்டும். வேகம் குறையாமல் பார்க்கவேண்டும். பிறகு, எந்த எஞ்சின் நின்றது என்பதை ஐயத்துக்கு இடமின்றி அறியவேண்டும். இருவருள் ஒருவர் விசைப்பிடியின்மேல் கை வைத்து, “இது இடப்பக்கம்” என்றோ “இது வலப்பக்கம்” என்றோ சொல்வார். மற்றவர் கருவிகளைப் பார்த்து, “ஆம், சரி” என்று சொல்வார். அதன் பின்னரே கை அசையவேண்டும். சுவரின் முன் அந்தப் பிள்ளை காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தது இதைத்தான்.

இவ்வளவையும் உண்மை விமானத்தில் பழகினால் என்ன? முற்காலத்தில் அப்படித்தான் பழகினார்கள். பழகும்போதே பலர் மாண்டார்கள். இக்குறையை நீக்க முற்பட்டவர்களுள் முக்கியமானவர் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் அவருடைய தந்தையார் ஆர்கன், பியானோ ஆகிய இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை நடத்திவந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊட்டும் துருத்தி லிங்குக்குக் கைவந்த பொருள். அத்தகைய துருத்திகளின்மேல் மரத்தால் ஒரு சிறு விமானத்தை அமைத்து, உள்ளே இருப்பவன் பிடியை அசைத்தால் அது சாயவும் நிமிரவும் திரும்பவும் செய்தார். அது 1929-ஆம் ஆண்டு. விமானப் பள்ளிகள் முதலில் அதை மதிக்கவில்லை. கண்காட்சித் திடல்களில் காசு கொடுத்து ஏறும் விளையாட்டுப் பொருளாகவே அது சில காலம் இருந்தது.

1934-இல் அமெரிக்க இராணுவ விமானப் படையிடம் தபால் எடுத்துச் செல்லும் பணி ஒப்படைக்கப்பட்டது. பனியிலும் இருளிலும், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவ்விமானிகளுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள் பத்துக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் கருவிகள் ஆறினை விலைக்கு வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அவர் செய்த கருவிகளின் தொகை ஏறத்தாழ 10,000. பல லட்சம் பேர் அவற்றில் பயின்றனர். மரணம் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் மனிதன் பள்ளிக்கூடத்தின் அருமையை உணர்கிறான் போலும்!

இன்றைய பாவனை விமானம் அந்த மரப்பெட்டியின் பேரப்பிள்ளை. தனியே ஒரு பெரிய கூடத்தில், ஆறு கால்களின்மேல் ஓர் அறை நிற்கும். கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நீளவும் குறுகவும் வல்லவை. ஆதலின் அவ்வறையை மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் நகர்த்தலாம், சாய்க்கலாம், திருப்பலாம். உள்ளே இருப்பது உண்மை விமானத்தின் அதே நாற்காலி, அதே பிடி, அதே விளக்கு. கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையும் மேகமும் மழையும் படமாகத் தோன்றும். விமானம் வேகமெடுக்கும்போது நம் முதுகு நாற்காலியில் அழுந்தும் அன்றோ? ஒரே இடத்தில் நிற்கும் பெட்டிக்குள் இதை எப்படி உண்டாக்குவது? அறையை மெல்லப் பின்பக்கம் சாய்த்துவிடுகிறார்கள். உடலின் பாரமே முதுகை அழுத்துகிறது. கண் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருப்பதால், ‘நான் முன்னே விரைகிறேன்’ என்று மூளை எண்ணிக்கொள்கிறது. உயர்தரமான பாவனை விமானங்கள் உண்மையை ஒத்திருக்கும் அளவைக் கருதி, முன்பே அனுபவம் பெற்ற விமானி, புது வகை விமானத்தை முதன்முதல் வானில் ஓட்டுவதற்குள் அதன் பயிற்சி முழுவதையும் இவ்வறையிலேயே முடிக்க விதிகள் இடம் தருகின்றன. அதன் பின்னரும், பயிற்சி அளிக்கும் மூத்த விமானி ஒருவர் பக்கத்தில் இருந்து சில காலம் கவனித்துக்கொள்வார்.

என் மாணவன் சென்ற வகுப்பு நாள்தோறும் நான்கு மணி நேரம் நடந்தது. மாணவர் இருவர், பின்னால் ஓர் ஆசிரியர். முதல் இரண்டு மணி ஒருவர் ஓட்டுவார், மற்றவர் துணை செய்வார், பிறகு மாறிக்கொள்வர். ஆசிரியரிடம் ஒரு சிறு பலகை இருக்கும். அதைத் தொட்டால் எஞ்சின் தீப்பற்றும், மூடுபனி இறங்கும், சக்கரம் வெளிவர மறுக்கும்.

நான்காம் நாள், விமானம் தரையை விட்டு எழுந்த சில விநாடிகளில் ஆசிரியர் வலப்பக்க எஞ்சினை நிறுத்தினார். மாணவன் காலை ஒழுங்காகவே மிதித்தான். ஆனால் துணைவரின் மறுமொழிக்குக் காத்திராமல், இடப்பக்கப் பிடியைப் பின்னுக்கு இழுத்துவிட்டான். நல்ல எஞ்சின் அடங்கிவிட்டது. அறை நடுங்கியது, கண்ணாடியில் வீடுகள் பெரிதாகி வந்தன. ஆசிரியர் பொத்தானை அழுத்தினார். யாவும் அப்படியே நின்றன. “இப்போது நீ இறந்துவிட்டாய். தேநீர் குடித்துவிட்டு வா, மறுபடியும் செய்வோம்” என்றாராம்.

அவனுடைய குறிப்பேட்டில், ‘எஞ்சின் நிற்கும்போது அவசரப்படுகிறார், மேலும் இரண்டு வகுப்புகள் தேவை’ என்று எழுதினார். அவ்விரண்டு வகுப்புகளும் நடந்து, அவன் தேறிய பிறகே கையெழுத்திட்டார். ஊருக்கு வந்த அவன் என்னிடம், “எல்லாரும் தேறிவிட்டார்கள், நான் மட்டும் பின்தங்கிவிட்டேன், ஐயா” என்று தலை குனிந்து சொன்னான். பின்னர், தன் ஆசிரியர் வகுப்பில் எடுத்துரைத்த ஒரு நிகழ்ச்சியையும் சொன்னான். அதைக் கேட்டபின் நான் அதுபற்றித் தேடிப் படித்தேன்.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள். தைவான் நாட்டின் தைப்பே நகரில் சோங்ஷான் விமான நிலையத்திலிருந்து, டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600 விமானம் காலை 11 மணிக்குச் சற்று முன்னதாகப் புறப்பட்டது. உள்ளே 58 பேர் இருந்தனர். ஏறத்தாழ 1,200 அடி உயரத்தில் இருந்தபோது எச்சரிக்கை ஒலித்தது. தானியங்கி அமைப்பின் மின்னிணைப்பு ஒன்றில் நேர்ந்த கோளாறினால், வலப்பக்க விசிறி காரணமின்றியே பெதர் ஆகிவிட்டது. இடப்பக்க எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டு அவ்விமானம் பறந்திருக்கலாம்.

விமானத்தை ஓட்டிய தலைமை விமானி, இடப்பக்க எஞ்சினின் பிடியை இழுக்கப்போவதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், சற்றுப் பொறுக்கவும் சரிபார்க்கவும் வேண்டும் என்றார். ஆயினும் பிடி பின்னுக்கு வந்துவிட்டது. பின்னர் அந்த நல்ல எஞ்சின் நிறுத்தவும்பட்டது. தவறான பக்கத்தை இழுத்துவிட்டதாக அவரே உணர்ந்து சொன்ன சொற்கள் ஒலிப்பதிவில் உள்ளன. அப்போது எஞ்சிய நேரம் சில விநாடிகளே. எச்சரிக்கை ஒலித்ததிலிருந்து ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குள், விமானம் ஒரு மேம்பாலத்தில் இறக்கை உராய்ந்து, கீலுங் ஆற்றில் விழுந்தது. 43 பேர் மாண்டனர். 15 பேர் பிழைத்தனர்.

இனிச் சொல்லப்போவதுதான், ஆசிரியனாகிய என்னை உறங்கவிடாமல் செய்தது. 2016-இல் வெளியான விசாரணை அறிக்கை அவ்விமானியின் பயிற்சி வரலாற்றை எடுத்துக் கூறுகிறது. 2014 மே மாதத்தில், தலைமை விமானியாவதற்கான பாவனை விமானத் தேர்வில் அவர் தேறவில்லை. மறுபயிற்சி பெற்று அடுத்த மாதம் தேறினார். அதே ஆண்டின் பிற்பகுதியில், பழைய 500 வகையிலிருந்து புதிய 600 வகைக்கு மாறும் பயிற்சியைப் பெற்றார். பழைய வகையில் முட்கள் காட்டும் வட்டக் கருவிகள் மிகுதி. புதியதில் ஐந்து பெரிய திரைகள். அப்பயிற்சியில் அவருடைய ஆசிரியர், மேலெழும்போது எஞ்சின் நிற்கும் நிலையைக் குறித்து, இவருக்குக் கூடுதல் பயிற்சி தேவைப்படலாம் என்று எழுதியிருந்தார். அப்படி எழுதப்பட்ட பின்னரும், அவர் தேறியவராகவே வெளிவந்தார். மூன்று மாதங்களுக்குப் பின், எந்த நிலையைக் குறித்து எழுதப்பட்டதோ அதே நிலை வானில் வந்தது.

விபத்துக்குப் பிறகு, அந்நிறுவனத்தின் ஏடிஆர் விமானிகளுக்கு எஞ்சின் கோளாறு பற்றி வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். பத்துப் பேர் அதில் தேறவில்லை. ஆகவே அந்த ஒருவர்மீது மட்டும் பழியைச் சுமத்திவிட்டு நாம் கடந்துபோதல் நியாயமாகாது. அந்த ஆசிரியர் உண்மையைக் கண்டார், எழுதவும் எழுதினார். எழுதியதைப் படித்துச் செயலாற்றும் கை ஒன்று இல்லாமற் போயிற்று.

நண்பர்களே, இதைப் படித்த இரவு எனக்கு ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. நான் தலைமை ஆசிரியனாக இருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படித்தவன். அமைதியானவன், தந்தையை இழந்தவன். கணக்கில் பின்னமும் சமன்பாடும் அவனுக்கு எட்டவேயில்லை. ஆண்டு முடிவில் அவனைப் பத்தாம் வகுப்புக்கு அனுப்பலாமா என்ற கேள்வி என்னிடம் வந்தது. ‘கணக்கில் மேலும் பயிற்சி தேவை’ என்று அவனுடைய முன்னேற்ற அட்டையில் என் கையாலேயே எழுதி, இரக்கத்தால் தேர்ச்சி என்று கையெழுத்திட்டேன். அனுப்பியது தவறு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் தேவை என்று எழுதிய அந்தப் பயிற்சியை அவனுக்கு யார் கொடுத்தது? நான் ஏற்பாடு செய்யவில்லை. மாலையில் அரைமணி நேரம் எந்த ஆசிரியரையும் அவனுக்காக இருக்கச் சொல்லவில்லை. எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று எண்ணினேன். மறு ஆண்டு பொதுத்தேர்வில் அவன் கணக்கில் தவறினான்; அதன்பின் பள்ளிப் பக்கமே வரவில்லை. விமானம் எதுவும் விழவில்லை. ஆதலின் என்னை எவரும் விசாரிக்கவில்லை.

பாவனை விமானம் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே. அதன் அருமை அதன் ஆறு கால்களிலும் திரைகளிலும் இல்லை. அங்கே ஒருவன் தவறலாம். தவறினால் எவரும் இறப்பதில்லை. தவறு இன்னதென்று அவனுக்குச் சொல்லப்படும். அது நீங்கும்வரை மறுபடியும் செய்யச் சொல்லப்படும். இந்த நான்கனுள் கடைசியானது இல்லையேல், முதல் மூன்றும் வீண். கோடிக்கணக்கில் விலையுள்ள பொறியும் கண்காட்சித் திடலின் விளையாட்டுப் பெட்டியாகவே நின்றுவிடும்.

பாவனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. பயிற்சி அறைக்குள் நுழையும் விமானிக்கு, இன்று ஏதோ ஒன்று கெடப்போகிறது என்பது முன்பே தெரியும். வானிலோ, பல்லாயிரம் நாட்கள் ஒன்றும் கெடாமல் இருந்து, சாதாரணமான ஒரு காலைப்பொழுதில் திடீரென்று கெடும். அந்தத் திகைப்பை எந்தப் பொறியாலும் முழுமையாகப் படைக்க இயலாது. அதனால்தான் அனுபவமுள்ள விமானிகளும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த அறைக்குள் சென்று சோதிக்கப்படுகிறார்கள். அறிவு திகைத்து நிற்கும் விநாடியில், பழகிய கை காத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும். கை விரைவாகச் செயல்படப் பழகுவது எளிது. பொறுத்திருக்கப் பழகுவதே அரிது.

மாணவர்களாகிய நீங்கள் அனைவரும் இப்போது ஒரு வகையில் பாவனை விமானத்துக்குள்தான் இருக்கிறீர்கள். பள்ளியில் போடும் கணக்கு தவறினால் பாலம் இடிவதில்லை. ஆய்வுக்கூடத்தில் அளவு தவறினால் நோயாளி இறப்பதில்லை. தவறுவதற்கென்றே உங்களுக்கு அளிக்கப்பட்ட இடம் இது. ஆகவே, விடைத்தாளில் சிவப்பு மை கண்டால் அதை மறைத்து வைக்காதீர்கள். ‘மேலும் பயிற்சி தேவை’ என்று உங்கள் ஆசிரியர் எழுதினால், மறுநாள் அவரிடம் சென்று, “அந்தப் பயிற்சியை எப்போது தருவீர்கள், ஐயா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என்னிடம் அந்தப் பையன் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நானும் அவனுக்குச் சொல்லவில்லை.

என் மாணவன் இப்போது ஏடிஆர் விமானத்தில் துணை விமானியாகப் பணிபுரிகிறான். சென்ற முறை வீட்டுக்கு வந்தபோதும் சுவரில் அந்தத் தாள் இருந்தது. ஓரங்கள் கிழிந்து, அவன் விரல் பட்ட இடங்களில் மை மங்கியிருந்தது. அடுத்த மாதம் அவனுக்கு மறுபடியும் சோதனையாம். காலி நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னான். அவன் பிடியின்மேல் விரலை வைத்து, “வலப்பக்கம்” என்றான். நான் தாளை உற்றுப் பார்த்து, “ஆம், வலப்பக்கம்” என்றேன். அதன் பிறகே அவன் கை அசைந்தது.